மழையில அப்படித்தான் கத்தும்

மழை ஆரம்பித்ததிலிருந்து நம் எலக்ட்ரீஷியன்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கேள்விதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. "அண்ணா, ரிவர்ஸ் சென்சார் மழையில சும்மா சும்மா கத்துது. பின்னால ஒண்ணுமே இல்ல. இன்னா பண்றது?" மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் பதிலும் போட்டுவிட்டார்: "பஸ்ஸர் ஒயரைக் கழட்டி வுடு, மழை நின்னதும் மாட்டிக்கலாம்." அதற்கு ஏழு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறீர்கள். அந்த ஏழு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன்.

நான் வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும் என்ற நிலை வந்ததும் ஒர்க்ஷாப் முதலாளி பாயிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஜீவனஹள்ளி வீட்டில் உட்கார்ந்துகொண்டு உங்கள் சண்டைகளைப் படிப்பதுதான் இப்போது என் பொழுதுபோக்கு. கனெக்டரில் தண்ணீர் இறங்கினால் என்ன செய்வது, ஒயரில் பச்சை பிடித்தால் என்ன செய்வது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் யூடியூபுக்குத் தெரியும். எனவே அதை விட்டுவிடுகிறேன். இந்த ஒரே கேள்விக்கு நான் ஒருமுறை சொன்ன பதிலால் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீ வாங்கிக்கொண்டு படியுங்கள்.

அல்சூரில், ஏரிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் வரதராஜ் சார் என்று ஒருவர். மாநில அரசு ஆபீஸில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பதால் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார், அது அவருக்கே தெரியாது. மனைவி சரோஜாம்மா. இரண்டு பேரும் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். வண்டியை சர்வீஸுக்கு விட வந்தால் கூடவே எனக்கு ஒரு டப்பாவில் புளியோதரையும் வரும். வேறு யாருக்கும் வராது. பாய் அதை ஓரக்கண்ணால் பார்ப்பார்.

வரதராஜ் சாருக்குக் கழுத்தில் ஒரு ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு தலையைத் திருப்ப முடியாது. பின்னால் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். பக்கத்துத் தூரம் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ரிவர்ஸ் எடுப்பதற்கு என்ன வழி? அவருடையது பழைய மாடல் வண்டி, சென்சார் கிடையாது. நான்தான் பின் பம்பரில் நான்கு சென்சார் பொருத்திக் கொடுத்தேன். நாலணா அளவு வட்டம் நான்கு. "இத நம்பி ஓட்டலாமாப்பா?" என்று கேட்டார். "கண்ண மூடிக்கினு நம்பலாம் சார்" என்றேன். கழுத்து திரும்பாதவரிடம் கண்ணையும் மூடச் சொல்கிறாயே என்று சரோஜாம்மா சிரித்தார். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அவர்கள் வாழ்க்கை பழையபடி நடந்தது. காய்கறி, பாங்க், வியாழக்கிழமை தவறாமல் விவேக் நகர் சர்ச். சரோஜாம்மா நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு அங்கே போய்க் குழந்தை இயேசுவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். சார் வெளியே வண்டியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பஸ்ஸில் கூட்டத்தில் ஏறி இறங்க அவர்களால் முடியாது. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதென்றால் சாருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். வண்டி இருந்ததால்தான் இரண்டு பேரும் வெளியே போய் வந்தார்கள்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு ஆயுத பூஜை.

பாய் ஒர்க்ஷாப்பில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பூசணிக்காய், வாழைக்கன்று, ஒரு மூட்டை பொரி எல்லாவற்றையும் பாய் தன் கையால் மார்க்கெட்டில் பார்த்து வாங்கி வருவார். "நான் கும்புட மாட்டேன், ஆனா கொறை வெக்க மாட்டேன்" என்பார். யார்டில் சர்வீஸுக்கு நிற்கும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூஜை. சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. அந்த வருடம் பதினோரு வண்டிகள் நின்றன. பிரேக் வேலைக்கு வந்திருந்த வரதராஜ் சார் வண்டியும் அதில் ஒன்று. சந்தனத்தை நன்றாகக் கெட்டியாகக் குழைத்து, தட்டு நிறைய எடுத்துக்கொண்டு, எல்லா வண்டிக்கும் முன்னால் பின்னால் நெருக்கமாக வைத்துக்கொண்டே போனேன். நம் சோறு இதில்தானே என்று மனது நிறைந்திருந்தது. அவ்வளவு பக்தியோடு நான் கோவிலில்கூடக் கும்பிட்டதில்லை.

பத்து நாள் கழித்து நல்ல மழை. மறுநாள் வரதராஜ் சார் வந்தார். ரிவர்ஸ் போட்டாலே சென்சார் விடாமல் கத்துகிறது, பின்னால் ஒன்றும் இல்லை என்றார். நம் ஒர்க்ஷாப் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த வண்டி வந்தாலும் முதலில் வாட்டர் வாஷ், பிறகு ஏர் கன்னால் அடித்துக் காயவைத்து, அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் தள்ளுவார்கள். அன்றைக்கு வெயிலும் அடித்தது. என் கைக்கு வரும்போது வண்டி காய்ந்து போயிருந்தது. ரிவர்ஸ் போட்டேன், கத்தவில்லை. ஆள் நிறுத்தினேன், கத்தியது. சரியாகத்தான் இருந்தது. எனக்குப் பின்னால் நான்கு வண்டி காத்திருந்தது.

"மழையில அப்படித்தான் சார் கத்தும். தண்ணி பட்டா அதுக்கு ஆள் மாதிரி தெரியும். கண்டுக்காதீங்க" என்றேன்.

"கண்டுக்க வேணாமா?"

"வேணாம் சார். மழை நின்னா அதுவே அடங்கிடும்."

நான் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. தலையை ஆட்டமுடியாது என்பதால் கையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி வந்தார். மறுபடி வாஷ், மறுபடி ஏர் கன், மறுபடி ஒன்றும் இல்லை. சும்மா அனுப்பினால் நன்றாயிருக்காது என்று இடது ஓரத்து சென்சார் ஒன்றை மட்டும் மாற்றினேன். எதற்காக அதை மாற்றினேன் என்று கேட்டால் பதில் கிடையாது. எதையாவது மாற்ற வேண்டும் என்று கை அரித்தது, அவ்வளவுதான். நீங்களும் செய்வீர்கள், எனக்குத் தெரியும். "இன்னும் ஸ்வல்ப கத்தினா கண்டுக்காதீங்க சார்" என்று மறுபடியும் அதையே சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சரோஜாம்மா போன் செய்தார்.

"குமார், ஞாயித்துக்கெழம பையன் புனேலருந்து வர்றான். வண்டிய அவன் எடுத்துக்கிட்டுப் போறான். அதுக்குள்ள அந்தக் கத்தல மட்டும் சரி பண்ணிக் குடுத்துடு. அவனும் மழையில ஓட்டணுமே."

"ஏம்மா, சாருக்கு வண்டி?"

"அவர் இனி ஓட்ட மாட்டாராம். சாவிய ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டாரு. நேத்து நான் விழுந்துட்டேன்ப்பா" என்றார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் விழுந்ததைப் போல.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை காலை, தூறல். விவேக் நகருக்குக் கிளம்பியிருக்கிறார்கள். மழையில் சென்சார் சும்மா கத்துவதால் அதை நம்ப முடியாது என்று, கொஞ்ச நாளாகவே சரோஜாம்மா குடை பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்று "பர்லி, பர்லி" என்று வரச் சொல்லி வழிகாட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு கேட் ஓரத்துக் கல்லில் கால் வழுக்கி வண்டிக்கு நேர் பின்னால் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியில் அவர் தெரியவில்லை. சென்சார் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் அது முதலிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. நான் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சார் கண்டுகொள்ளவில்லை. பம்பர் சரோஜாம்மாவின் தோளைத் தொட்டுத் தள்ளியது. குடை உடைந்த சத்தம் கேட்டு சார் பிரேக் போட்டிருக்கிறார். மணிக்கட்டில் சுளுக்கு, தோளில் சிராய்ப்பு. அதோடு போனது.

பாயிடம் சொல்லிவிட்டு மறுநாள் சனிக்கிழமை காலை டூல் பையோடு அல்சூருக்குப் போனேன். வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவரச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அதுதான் நல்லதாகப் போயிற்று.

அன்றைக்கும் தூறல். வண்டி கேட்டுக்குள் நனைந்துகொண்டு நின்றது. யாரும் வாஷ் செய்யாமல், ஏர் கன் அடிக்காமல், நோயோடு இருக்கும் வண்டியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ரெயின்கோட்டோடு பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். பம்பரில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மூன்று சென்சாருக்குக் கீழே மட்டும் அந்தத் தண்ணீர் லேசாக மஞ்சளாக இறங்கியது. நான்காவது, நான் புதிதாக மாற்றிய இடது ஓரம், சுத்தமாக இருந்தது.

ஒரு ஊக்கை எடுத்து சென்சாரைச் சுற்றியிருக்கும் மெல்லிய இடுக்கில் விட்டுக் கிளறினேன். களிமண்ணைப் போல் மஞ்சளாக வந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

யார் வைத்தது? நான் வைத்தது. வட்டமாக நான்கு இடம் பார்த்ததும் பொட்டு வைப்பதற்கென்றே செய்து கொடுத்ததைப் போலிருந்ததா, ஒவ்வொன்றின் மேலும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்திருக்கிறேன். மேலே இருந்தது வாஷில் போய்விட்டது. பூஜைப் பொட்டை யாரும் தேய்த்து அழிக்க மாட்டார்கள் அல்லவா, தானாகப் போகட்டும் என்று விட்டதில் இடுக்கில் இறங்கியது அப்படியே தங்கிவிட்டது. காய்ந்திருக்கும்போது அது சுருங்கி ஒதுங்கி நிற்கும். மழை பட்டால் ஊறிப் பருத்து சென்சாரை இறுக்கிப் பிடிக்கும். அந்த வட்டம் லேசாக அதிர முடிந்தால்தான் அதற்கு வேலை. இறுக்கிப் பிடித்தால் தன் அதிர்வையே ஆள் என்று நினைத்துக் கத்தும். இருபத்தாறு வருட எலக்ட்ரீஷியன் நான். நானே நோயை வைத்துவிட்டு, நானே இரண்டு முறை நாடி பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறேன்.

இப்போது நான் எழுதப்போவதுதான் முக்கியம். அந்த இடத்தில் உட்கார்ந்தபடியே ஒரு யோசனை வந்தது. மூன்றையும் சுத்தம் செய்துவிட்டு, "சென்சார் பழசாயிடுச்சும்மா, மாத்திட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்? ஊக்கு நுனியில் இருக்கும் சந்தனத்தை மழையே கழுவிவிடும். புளியோதரை வருவதும் நிற்காது. இந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வந்தது, நல்ல தெளிவாக வந்தது. ஊக்கை மழையில் நீட்டியும் விட்டேன்.

அப்போது சரோஜாம்மா உள்ளிருந்து காபிக்குக் கூப்பிட்டார். மணிக்கட்டில் கட்டோடு இடது கையால் டம்ளரை நீட்டினார். வரதராஜ் சார் ஹாலில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. என்னைப் பார்க்க உடம்போடு திரும்புவாரே, அன்றைக்குத் திரும்பவில்லை.

"வண்டி மேல தப்பு இல்லப்பா குமார்" என்றார் டிவியைப் பார்த்தபடியே. "அது கத்திச்சு. நான்தான் கேக்கல. இவ கீழ கெடக்குறா, அது கத்துது, நான் பின்னால வந்துட்டே இருக்கேன். வயசாயிடுச்சு. ஆய்த்து, அவ்வளவுதான்."

"ரெண்டு நாளா இதே பாட்டு" என்றார் சரோஜாம்மா. "சாப்பாடும் சரியா இல்ல."

சென்சார் பழசு என்று நான் சொல்லிவிட்டுப் போனால் சென்சார் சரியாகிவிடும். இந்த மனிதர் சரியாக மாட்டார். மனைவி மேல் வண்டியை ஏற்றப் பார்த்தவன் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டே மிச்சக் காலத்தை அந்த நாற்காலியில் கழிப்பார். அது எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே போய் இரண்டாவது சென்சார் இடுக்கைக் கிளறி, வந்ததை உள்ளங்கையில் வைத்து, அவர் முகத்துக்கு நேராகப் போய்த் தரையில் உட்கார்ந்து காட்டினேன்.

"சார், இது சந்தனம். ஆயுத பூஜைக்கு நான் வெச்சது. சென்சார் மேலயே வெச்சிருக்கேன். அதான் மழையில கத்துச்சு. கத்துனத நீங்க கேக்காம இல்ல சார். கேக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன். ஒரு தபா இல்ல, ரெண்டு தபா சொன்னேன். நீங்க நான் சொன்னத செஞ்சீங்க. அம்மா வுழுந்தது என்னாலதான்."

சார் என் கையையே பார்த்தார்.

"பொட்டா?" என்றார்.

"பொட்டுதான் சார்."

சரோஜாம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டே சிரித்தார். சாருக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சிவந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"ரெண்டு தடவ வந்தேனேய்யா! வேல வெட்டிய விட்டுட்டு ரெண்டு தடவ வந்தேன்! தலைய ஆட்டி அனுப்பிச்சியே, குனிஞ்சு பாத்தியா? புத்தி பேட்வா நினகே? புத்தி வேணாமா உனக்கு? இவ தல அடிபட்டிருந்தா யார்ரா பதில் சொல்றது?" பாதி கன்னடம், பாதி தமிழ், ஆபீஸில் முப்பது வருடம் கிளார்க்குகளைத் திட்டிப் பழகிய குரல். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. திட்டுக்காக இல்லை. இரண்டு நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவர் கடைசியில் சரியான ஆளைத் திட்டுகிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. திட்டி முடித்துவிட்டு, "காபி ஆறுது, குடி" என்றார்.

மற்ற பத்து வண்டிக்காரர்களுக்கும் திங்கட்கிழமை நானே போன் செய்தேன். ஆறு பேர் வண்டியில் சென்சார் இருந்தது. பாய் பக்கத்தில் உட்கார்ந்து, "யா அல்லா, குமார், பதினோரு வண்டிக்குமா வெச்ச?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த வருடத்திலிருந்து பொட்டு பானெட்டுக்கு மட்டும் என்று பாய்தான் சட்டம் போட்டார்.

அது பிறகு. அந்தச் சனிக்கிழமை மூன்று சென்சாரையும் கழற்றி, இடுக்கைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பொருத்தி, காயவைக்காமல் மழையிலேயே விட்டேன். ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லை. சரோஜாம்மாவிடம் மிக்ஸி வந்த அட்டைப் பெட்டி ஒன்று வாங்கிப் பின்னால் வைத்து வண்டியை நகர்த்தினேன். விட்டு விட்டுக் கத்தியது, நெருங்க நெருங்க வேகமாகக் கத்தியது, கடைசியில் விடாமல் கத்தியது. நான்கு மூலைக்கும் பெட்டியை மாற்றி வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி.

பிறகு, ஃப்ரிட்ஜ் மேலிருந்து சரோஜாம்மா எடுத்துக் கொடுத்திருந்த சாவியை சாரிடம் நீட்டினேன்.

"வேணாம்ப்பா" என்றார்.

"ஒரே ஒரு தபா சார். நீங்க ரிவர்ஸ் எடுங்க. பின்னால நான் நிக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"கண்ண மூடிக்கினு நம்பலாம்னு நான்தானே சார் சொன்னேன். நான் நிக்காம வேற யார் நிப்பா?"

நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். நீங்கள் அட்டைப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இதை நான் உத்தரவாகவே சொல்கிறேன். எனக்கு அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு முறை பொய்யாய்ப் போன வார்த்தைக்குப் பிறகு மூன்றாவதாக இன்னொரு வார்த்தை சொன்னால் அவர் எப்படி நம்புவார்? கேட்டுக்குப் பக்கத்தில், சரோஜாம்மா வழுக்கி விழுந்த கல்லுக்கு ஒரு அடி தள்ளி நின்றேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. ஒரு சத்தமும் இல்லை, மழைச் சத்தம் மட்டும். வண்டி நத்தை வேகத்தில் வந்தது. பீப் என்றது. இன்னும் கொஞ்சம் வந்தது. பீப், பீப், பீப். பிறகு விடாமல் கத்த ஆரம்பித்தது. அந்தக் கணமே பிரேக் விளக்கு சிவந்து வண்டி நின்றது. என் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை நீளம் இருந்தது.

வரதராஜ் சார் கண்ணாடியை இறக்கினார். திரும்ப முடியாததால் முன்பக்கம் பார்த்தபடியே மழைக்குள் சத்தமாகச் சொன்னார்: "கேட்டுச்சுப்பா. நின்னுட்டேன்."

வாசலில் புதுக் குடையோடு நின்றிருந்த சரோஜாம்மா உள்ளே போனார். கைப்பையோடும் ஒரு கட்டு மெழுகுவத்தியோடும் திரும்பி வந்தார். "வியாழக்கெழம போக முடியலயே" என்றார் என்னிடம். வழக்கம்போல் பின்னால் வந்து நிற்கப்போகிறார் என்று நினைத்து நான் கல்லிலிருந்து விலகி வழி விட்டேன். அவர் பின்னால் வரவில்லை. குடையை மடக்கி, தண்ணீரை உதறிவிட்டு, முன்கதவைத் திறந்து கணவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

நான் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.